பிறப்புப் பத்திரம் தேடிய கதை



புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று எமது சங்கச் செயலாளர் கேட்டபோது, "நான் தொழிற்சாலையில பெட்டி அடுக்கிறவன், ஏ.எல். சோதினையோட படிப்பை விட்டவன், நான் என்னத்தை எழுத?" என்றுதான் சொன்னேன். அதற்கு அவர், "நீர் ஒரு கடுதாசிக்கு அலைஞ்ச கதையை எழுதும். இங்க அரைவாசிப் பேருக்கு அதே பிரச்சினைதான்" என்றார். ஆகவே அதையே எழுதுகிறேன். என் அலைச்சலைச் சொல்ல வெளிக்கிட்டால் எங்கள் நாட்டுப் பதிவுப் புத்தகங்களின் சரித்திரத்தையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். பொறுமையோடு வாசியுங்கள்.

எங்கள் மகள் 2019ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் இங்கே ஜேர்மனியில் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த கையோடு பிறப்பைப் பதிய ஸ்ரான்டெஸ்அம்றுக்குப் போனேன். அங்கே இருந்த பெண்மணி எனது கடுதாசிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுடைய பிறப்புப் பத்திரம் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்றுதான். அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்பில் 'உத்தேசம்' என்ற சொல்லைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

சில கிழமைகள் கழித்துத் தபாலில் வந்தது முழுமையான பிறப்புப் பத்திரம் அல்ல. பதிவேட்டின் ஒரு பிரதி. அதில் தகப்பன் என்று என் பெயர் இருந்தது. அதோடு சேர்த்து, இவருடைய அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு வரியும் இருந்தது. நானும் மனைவியும் கோயிலில் தாலி கட்டித்தான் வாழ்கிறோம். பதிவுக் கலியாணத்துக்கும் இதே பத்திரம்தான் முன்பு குறுக்கே நின்றது.

பிள்ளைக்கு வைத்தியம், பிள்ளைக்காசு எல்லாம் அந்தத் தாளோடும் கிடைத்தன. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வளர்ந்து தன்னுடைய முதல் கடுதாசியை எடுத்து வாசிக்கும்போது, தகப்பன் ஆரெண்டு ஐமிச்சம் என்று அதில் இருக்கப்படாது. அன்று இரவு வேலைக்குப் போய் நின்றபோதும் அந்த வரிதான் கண்ணுக்குள் நின்றது.

எங்கே தொலைந்தது?

எங்கள் ஊர் மயிலிட்டி. 1990 ஆனி மாதம் சண்டை தொடங்கி வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது எனக்கு இரண்டு வயது. "ரெண்டு கிழமையில திரும்பலாம் எண்டுதான் நினைச்சம்" என்று அம்மா இப்பவும் சொல்லுவா. உறுதி, சாதகம், பிறப்புப் பத்திரம் எல்லாம் இருந்த தகரப்பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றியிருந்த காணியும் விடுபட்டது 2017 ஆடியில். இருபத்தேழு வருடம். யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை உலகம் அறியும். எங்கள் வீடுகளில் போன தகரப்பெட்டிகளை ஆர் எண்ணினார்கள்?

1992இல் ஒரு நலன்புரி நிலையத்தில் இருந்தபடி என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார்கள். பத்திரம் இல்லை. அம்மா வாய்ச்சொல்லாகச் சொன்னா: "பிரபவ வருசம், மாசி மாசம், பூர நட்சத்திரம்." தலைமை வாத்தியார் பஞ்சாங்கத்தைப் பார்த்து, பிரபவ என்றால் 1987 என்று கணக்குப் போட்டு, 1987 மார்ச் 1 என்று எழுதிவிட்டார். அவரில் பிழையில்லை. ஒரு நாளில் எத்தனை இடம்பெயர்ந்த பிள்ளைகளை அவர் பதிந்திருப்பார்! ஆனால் அன்று முதல் வகுப்பில் எல்லாரிலும் குள்ளன் நான்தான். ஏன் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் எல்லாம் வெளியேறியபோது நாங்களும் தென்மராட்சிக்கும், பிறகு வன்னிக்கும் போனோம். 2002இல் ஏ9 பாதை திறந்ததும், ஓ.எல். சோதினைக்கு வயது அத்தாட்சி வேண்டும் என்று மாமா தெல்லிப்பழைப் பக்கத்துப் பதிவுகளில் 1987ஆம் ஆண்டைத் தேடுவித்தார். பதிவு இல்லை என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் அந்த உத்தேச வயதுச் சான்றிதழ். இப்படி ஒரு பிழையான வருடத்தோடு ஓ.எல்., ஏ.எல். எடுத்து, அதே வருடத்தோடு 2011இல் இங்கே வந்து அகதி விண்ணப்பமும் கொடுத்தேன்.

ஆர் எழுதி வைத்தார்கள்?

எங்கள் நாட்டில் ஒழுங்கான பதிவு கிடையாது என்றொரு எண்ணம் இங்கேயுள்ள அலுவலகங்களில் இருக்கிறது. எங்கள் ஆட்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கோவிற்பற்று தோறும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். அங்கேயிருந்த உபாத்தியாயர் ஞானஸ்நானம், கலியாணம் ஆகியவற்றைக் குடும்பம் குடும்பமாகப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதைப் பாடசாலைத் தோம்பு என்பார்கள். எங்கள் முன்னோரில் பலர் வீட்டில் விபூதியும் தோம்பில் கிறிஸ்தவப் பெயருமாக வாழ்ந்தது அந்தக் காலத்தில்தான். ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்களில் எஞ்சியவை கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. அந்தக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

1816 முதல் அமெரிக்க மிசனரிமார் வந்து பள்ளிக்கூடங்கள் தொடங்கியபோது இன்னொரு சிக்கல் வந்தது. மாணவர் விடுதிப் பிள்ளைகளுக்குச் செலவுக் காசு அனுப்பிய அமெரிக்க உபகாரிகளின் பெயர்களையே அந்தப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான விசுவநாதபிள்ளையின் பெயருக்கு முன்னால் 'கறோல்' வந்தது இப்படித்தான். ஆகவே உங்கள் பூட்டனாரைத் தேடுகிறவர்கள், வீட்டில் கூப்பிட்ட பெயரில் அவரைக் காணவில்லை என்று கைவிட வேண்டாம்.

அரசாங்கம் பிறப்பையும் இறப்பையும் பதியத் தொடங்கியது 1867இல். அது நாடு முழுவதும் கட்டாயமாகியது 1897இல். இன்றைக்கும் நடைமுறையில் உள்ள அடிப்படைச் சட்டம் 1951இல் வந்தது. அதன்படி பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். இங்கே ஜேர்மனி முழுவதற்கும் அரசாங்கப் பதிவு வந்தது 1876ஆம் ஆண்டு தை முதலாம் திகதி. அதற்கு முந்தியவர்களைத் தேட இவர்களும் தேவாலயப் புத்தகங்களுக்குத்தான் போக வேண்டும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எங்களிடம் புத்தகம் இருந்தது, அதைச் சரியாகத் தேடத் தெரியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் பென்சன் எடுக்கப்போகும் ஒரு ஜேர்மன்காரர் இருந்தார். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது, "என் அம்மாவுக்கும் இதேதான்" என்றார். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் கிழக்குப் பிரசியாவில் இருந்து குளிருக்குள் நடந்து வந்த குடும்பம். அங்கேயிருந்த பதிவேடுகளில் பல அழிந்து போயின. தப்பியவற்றில் ஒரு பகுதி பேர்லினில் உள்ள முதலாம் இலக்க ஸ்ரான்டெஸ்அம்றில் இருக்கிறது. அவருடைய அம்மா கலியாணம் செய்வதற்கு, ஊர்க்காரர் இரண்டு பேர் சத்தியக்கடுதாசி கொடுத்தார்களாம். அன்றைக்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, "கடுதாசி வந்துதா?" என்பதுதான்.

அம்மாவின் கணக்கு

2020இல் கொரோனாவால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நேரம் ஊரிலிருக்கும் அம்மாவோடு ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கதைத்தேன். நான் பிறந்த நாளைப் பற்றி அதுவரை ஒருக்காலும் நான் விபரமாகக் கேட்கவில்லை. அம்மா சொன்னா:

"மாசி மகத்துக்கு அடுத்த நாள் தம்பி. வியாழக்கிழமை. நல்ல பறுவ நிலவு. இந்தியன் ஆமி நிண்ட நேரம், ஊரடங்கு. அதுதான் முதலே என்னை இணுவில்ல பெரியம்மா வீட்டில கொண்டுவந்து விட்டிட்டார் கொப்பர். சாமம் ரெண்டு மணி தாண்டித்தான் நீ பிறந்தனி."

ஒரு பேச்சில் மூன்று திறப்புக் கிடைத்தது. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

முதலாவது, இந்தியன் ஆமி. அவர்கள் வந்தது 1987 ஆடிக் கடைசியில். அப்படியென்றால் 1987 மாசியில் நான் பிறந்திருக்க முடியாது! தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. பிரபவ வருடம் 1987 சித்திரையில் தொடங்கி 1988 பங்குனியில் முடிந்தது. ஆகவே பிரபவ மாசி என்றால் அது 1988. தை, மாசி, பங்குனியில் பிறந்த எல்லாருக்கும் இந்தக் கணக்கு இடிக்கும். தமிழ் வருடத்துக்கு நேரான ஆங்கில வருடத்தோடு ஒன்றைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, இணுவில். பிறப்பைப் பதிவது பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளர். தாய் தகப்பனின் ஊர்ப் பதிவாளர் அல்ல. நான் பிறந்தது இணுவில் மக்லியட் ஆஸ்பத்திரியில். 1898இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பிறந்திருக்கிறார்கள். மாமா தேடுவித்தது மயிலிட்டிக்குரிய தெல்லிப்பழைப் பக்கத்தில். தேட வேண்டியது உடுவில் பக்கத்தில்.

மூன்றாவது, சாமம். எங்கள் வழக்கில் நாள் மாறுவது சூரியன் உதிக்கும்போது. ஆங்கில நாள் மாறுவது இரவு பன்னிரண்டுக்கு. சாமம் இரண்டு மணிக்குப் பிறந்தால் அம்மாவுக்கும் சாத்திரியாருக்கும் அது வியாழன். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அது வெள்ளி.

ஊரில் ஒரு ஐயரிடம் மாமா கேட்டு 1988ஆம் ஆண்டுப் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தார். மாசி 20, வியாழக்கிழமை, பூரம், பறுவம் எல்லாம் சரியாக வந்தது. ஆங்கிலத் திகதி மார்ச் 3. சாமம் தாண்டியதால் மார்ச் 4. அந்தத் திகதியையும் இணுவிலையும் எழுதி, அப்பா அம்மா பெயரைப் போட்டு மாமா உடுவில் பிரதேசச் செயலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார். பதினெட்டு வருடத்துக்கு முன்பு இல்லை என்று சொல்லப்பட்ட நான், அங்கே புத்தகத்தில் இருந்தேன்.

அந்தப் பக்கம்

கையில் கிடைத்தது பதிவுப் புத்தகத்தின் பக்கத்தைப் பிரதி எடுத்து, அதில் முத்திரை குத்திய தாள். 1988 ஏப்பிரல் 11ஆம் திகதி, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முந்திப் பதிந்திருக்கிறது. 42 நாள் முடிய இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து.

அப்பாவை நாங்கள் 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் இழந்தோம். அவருடைய ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. ஊரடங்கும் சோதனையுமாக இருந்த அந்த நாட்களில், மயிலிட்டியில் இருந்து ஏழு மைல் சைக்கிள் உழக்கிப் போய் அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கிறார். அந்த மனிசன் அன்றைக்குப் பஞ்சிப்பட்டிருந்தால் இன்றைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அவருடைய எழுத்தை நான் முதன்முதல் பார்த்ததும் அன்றைக்குத்தான்.

அதே பக்கத்தில் இன்னொரு இடத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவர் என்றால் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் என்று கேட்டிருந்தது. அப்பா நிரப்பியிருந்தார்: மயிலிட்டி, 1919. பேரப்பிள்ளையின் பிறப்புக்கு ஏன் பேரனாரின் பிறந்த இடம்? எனக்கு அது விளங்கவில்லை. விளங்கப்படுத்தியவர் எங்கள் வேலைத்தலத்தில் இருக்கும் ஒரு அண்ணை. பெயர் எழுத வேண்டாம் என்றார். அவருடைய குடும்பம் 1977 கலவரத்தில் அடிபட்டு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்தது.

"உந்தக் கேள்விதான் தம்பி எங்கட தாத்தாவை நாடில்லாதவர் ஆக்கினது" என்றார் அவர்.

1948இல் வந்த இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும், அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் காட்டக் கடுதாசி வேண்டும். பதிவு நாடு முழுவதும் கட்டாயமானதே 1897இல். தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு கூலித் தொழிலாளி தன் தகப்பனுடைய பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்? அந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தானிடம் கேட்டிருந்தாலும் அரைவாசிப் பேருக்கு மறுமொழி இருந்திராது. ஆனால் எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

தந்தை செல்வா அந்தச் சட்டத்தை எதிர்த்தார். அந்தப் பிளவில்தான் 1949 மார்கழியில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அவர் பிறந்ததோ 1898இல் மலாயாவில், ஈப்போவில்! எங்கள் பக்கத்திலும் இப்படி மலாயாவில் பிறந்தவர்கள் கனபேர்.

1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம். மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிபாதியாகப் பங்குபோட்டார்கள். நாடில்லாமல் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 வருடம்.

அண்ணையின் பத்திரத்தில் பாட்டனாருக்குரிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது. என் மகளின் தாளில் இருந்த ஒரு வரிக்கு நான் இவ்வளவு துடித்தேன். வன்னியில் எத்தனையோ வருடம் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு நடுவில் வாழ்ந்தும், அவர்களின் அந்தக் கோட்டைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிளறாதை எண்டார்கள்

பத்திரம் வந்தபோது புதுச் சிக்கல். நான் இங்கே கொடுத்த பிறந்த திகதி 1987. பத்திரத்தில் 1988. "கிளறாதை, பொய் சொன்னவன் எண்டு விசாவில கை வைப்பாங்கள்" என்று சிநேகிதர்கள் சொன்னார்கள். இரண்டு மாதம் அந்தத் தாளை அலுமாரிக்குள் வைத்துவிட்டு யோசித்தேன். அதை மறைத்தால் மகளின் தாளில் அந்த வரி எப்பவும் இருக்கும். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

எங்கள் சங்கத்தில் வளர்ந்த ஒரு தங்கச்சி தமிழ் வருடம் எப்படிப் பிறக்கிறது, எப்படி முடிகிறது என்று நல்ல ஜேர்மன் மொழியில் இரண்டு பக்கம் எழுதித் தந்தா. பத்திரத்தை இலங்கையில் ஆள் வைத்து விசாரித்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. 2022இல் எனது திகதியும் திருத்தப்பட்டது, மகளின் முழுமையான பிறப்புப் பத்திரமும் வந்தது. அந்த வரி அதில் இல்லை. வேலையிடத்தில், "உமக்கு ஒரு வயது குறைஞ்சிட்டுது" என்று பகிடி பண்ணினார்கள். அந்த வருடமே பதிவுக் கலியாணமும் செய்தோம். மகள்தான் பூத்தட்டுப் பிடித்தாள்.

தேடுகிறவர்களுக்கு

பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். திகதி ஞாபகம் இல்லை என்பார்கள். அப்ப என்ன சண்டை, எந்தக் கோயில் திருவிழா, நிலவா இருட்டா, ஆர் வீட்டில் நின்றீர்கள் என்று கேளுங்கள். அதில்தான் திகதி இருக்கும்.

ஒரு வருடத்தில் இல்லை என்றால் முந்தின வருடத்தையும் பிந்தின வருடத்தையும் தேடுவியுங்கள். பிறந்த ஆஸ்பத்திரி எந்தப் பிரிவு என்று பாருங்கள். பெயர் வைக்க முன்பே பதிந்த பிள்ளைகளும் உண்டு. அப்படியானவர்களுக்குப் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். ஆகவே தாய் தகப்பன் பெயரையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கையெழுத்திலும் எழுத்துக்கூட்டிலும் பெயர்கள் மாறியிருக்கும். பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றி வருகிறார்கள். அதனால் இப்போது முந்தியிலும் பார்க்கச் சுகம்.

பதிவு கிடையாவிட்டால் பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு, தேவாலயத்து ஞானஸ்நானப் புத்தகம், கூடப் பிறந்தவர்களின் பத்திரங்கள் உதவும். சாதகம் இருந்தால் எறியாதீர்கள். அதில் நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அது ஒரு பிறப்புக் குறிப்பு.

அரசாங்கப் பதிவு தொடங்கிய 1867ஆம் ஆண்டும் ஒரு பிரபவ வருடம்தான். அதற்குப் பிறகு 1927, பிறகு நான் பிறந்த 1987-88. அடுத்த பிரபவ 2047 சித்திரையில் பிறக்கும். அப்போது என் மகளுக்கு 27 வயது. இந்த வருடப்பிறப்பன்று கைவிசேடம் கொடுத்த பிறகு அவளை மடியில் வைத்து ஒரு கொப்பியில் அவளின் பெயர், எங்கள் பெயர், இரண்டு பக்கத்துப் பேரன் பேத்தியின் பெயர், பிறந்த ஊர்கள் எல்லாவற்றையும் தமிழிலும் ஜேர்மனிலும் எழுதப் போகிறேன். நீங்களும் எழுதுங்கள். ஒரு மணித்தியாலம்தான் எடுக்கும்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.